மேனேஜருக்கு ஒரு நாள் பட்டினி

அத்தியாயம் 14

போன வாரம் படித்துவிட்டு, "ஒரு கோழிக்கா இத்தனை பக்கம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள் இரண்டு பேர். ஆமாம், கோழிக்குத்தான். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் குறுக்கெழுத்து போடலாம், எனக்கு வருத்தமே இல்லை. மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? மேனேஜர் என்கிற ஒன்பது வயதுக் கோழிக்குத் தீனிப்பை அடைத்துக்கொண்டது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்குமே ஒரு பை, அதுதான். ராத்திரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் விடிவதற்குள் அது காலியாகிவிட வேண்டும். மேனேஜருக்குப் பத்து நாளாகக் காலியாகவில்லை. போனதெல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தது. பக்கத்தில் போனாலே பொங்கிப்போன மாவு வாடை அடித்தது. தானாக ஒரு மணியைக்கூடக் கொத்துவதில்லை, வாயைப் பிளந்து ஊட்டினால்தான் உண்டு.

நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய டாக்டரம்மா நேற்றுச் சாயங்காலம் அந்தப் பையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தீனி கிடையாது. ஒரு பொட்டுகூட. மருந்து கலந்த தண்ணி மட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பையை மேலேருந்து கீழா மெல்ல நீவி விடுங்க. இறங்கிடுச்சுன்னா பிழைச்சுக்கும்."

"இறங்கலைன்னா?" என்று கேட்டாள் கோழிக்குச் சொந்தக்காரியான சின்னவள்.

"இந்த வயசுல கீறித் திறந்தா மேஜையிலேயே போயிடும். அதை நான் செய்ய மாட்டேன். மறுநாள் காலையில கூட்டிட்டு வாங்க, கஷ்டப்படாம பண்ணிடலாம்."

என்ன பண்ணிடலாம் என்று யாரும் கேட்கவில்லை. சின்னவளும் அவள் அக்காவும் அத்தானும் கோழியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பட்டினி நாள்தான் இன்றைய கதை.

காலை ஆறரை மணி. சமையலறைத் தராசின் மேல் பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிக்குள் மேனேஜர். ஆயிரத்து முந்நூற்று இருபது கிராம். சின்னவள் அதைக் காலண்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கவில்லை. அவள் முகம் தொங்கிப்போயிற்று. தராசுக்கு வருவதற்கு முன்னால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்பதை நான் இப்போது சொல்லப்போவதில்லை. நேரம் வரும்போது அவளே சொல்லட்டும்.

சின்னவளுக்கு வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. பவரில் கால் புள்ளி கூடினாலும் குறைந்தாலும் பொறுக்காத பெண். எட்டு வருஷத்துக்கு முன்னால், குடித்தனம் சரிப்படாமல் ஒரு நாள் மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு வயதுக் கோழி. கதவைத் திறந்தது அத்தான். அவர் பஸ் டிரைவர், பேச்சு கம்மி. "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஏன் வந்தாய் என்று இன்றுவரை அவரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஒரு மாசம் விடாமல் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வீட்டு ராசி அப்படி. யார் அழுதாலும் முதலில் அடுப்பைத்தான் பற்றவைப்பார்கள்.

கோழிக்கு மேனேஜர் என்று பேர் வைத்ததும் அத்தான்தான். "எங்க டிப்போ மேனேஜரும் இப்படித்தான். தலையை நீட்டிக்கிட்டு ஒவ்வொரு அறையா வருவார், ஒண்ணும் சொல்ல மாட்டார், எல்லாத்தையும் பாத்துட்டுப் போயிடுவார்" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, எட்டு, பத்து, பன்னெண்டு. மூணு தடவை நீவணும். தீனி மட்டும் மூச்" என்றாள் சின்னவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

தையல் மெஷினில் பள்ளிச் சீருடைக்குக் காஜா அடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "எத்தனை தடவைடி சொல்லுவே? நேத்து டாக்டரம்மா சொன்னப்ப நானும்தானே நின்னேன்."

"நீ பாவம் பாப்பேக்கா. அதான் பயமா இருக்கு."

"நானா? நாலு சட்டை இன்னைக்கே கொடுத்தாகணும். பாவம் பாக்க எனக்கு ஏதுடி நேரம்? கிளம்பு கிளம்பு."

அத்தான் விடியற்காலை வண்டிக்குப் போய்விட்டார், ஒரு மணிக்குத்தான் வருவார். அதற்கப்புறம் நீவுகிற வேலை அவருடையது. அவருக்கும் ஒரு சீட்டு எழுதி டீத்தூள் டப்பாவில் ஒட்டிவிட்டுத்தான் சின்னவள் செருப்பைப் போட்டாள். மேனேஜர் குளியலறைக்கு வெளியே, பழைய போர்வையின் மேல், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தது. அவள் போவதை அது கவனிக்கவில்லை. வழக்கமாக வாசல் வரைக்கும் கூடவே வரும் கோழி அது.

கடையில் வேலை ஓடவில்லை. பெரியவர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்துப் பலகையைக் காட்டினாள்.

"இப்போ நல்லா தெரியுதா? முன்னாடி போட்டதுல நல்லா தெரிஞ்சுதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்மா."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சார்."

"என்னத்தைப் பாக்கிறது? நீங்க இன்னும் கண்ணாடியே போடலையே. வெறும் சட்டம்தான் மாட்டியிருக்கு!"

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். "வயசானவங்க சார். வயிறு சரியில்ல" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லையே!

பத்து மணிக்குப் போன் செய்தாள். "நீவிட்டேன், தெம்பாத்தான் இருக்கா" என்றாள் அக்கா. பன்னிரண்டுக்குச் செய்தாள். "கண்ணைத் திறந்து பாக்கிறாடி. காலையில இருந்ததுக்கு இப்போ எவ்வளவோ தேவலாம்!" அக்கா குரலில் ஏக உற்சாகம். சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கு அத்தான் எடுத்தார். "இருக்கா. நல்லா இருக்கா" என்றார். நாலு மணிக்குச் செய்தபோதும் அதையேதான் சொன்னார், ஆனால் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலை அவள் கவனித்திருக்க வேண்டும். நம்ப வேண்டும் என்ற ஆசை காதை அடைத்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் தோளில் மாட்டிய கைப்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. நேராகப் போர்வைக்குப் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, இறகுக்குள் விரலை விட்டாள்.

பை அப்படியே இருந்தது. காலையில் இருந்ததைவிடப் பெரிதாக, தண்ணீர் ஊற்றிய பலூன் போல, தளதளவென்று விரலுக்குள் ஆடியது. அதற்குக் கீழே நெஞ்செலும்பு மட்டும் கூராகத் துருத்தியது. சதை என்று ஒன்றும் மிச்சமில்லை.

"இறங்கலைக்கா" என்றாள். மறுபடி சொன்னாள். "இறங்கவே இல்லைக்கா. இருபத்து நாலு மணி நேரம் பட்டினி கிடந்தும் இறங்கல."

அக்கா மெஷினை நிறுத்தினாள். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாளைக்குக் காலை, ஒன்பது மணி, டாக்டரம்மாவின் மேஜை. மூன்று பேர் மனசிலும் அதுதான் ஓடியது. சின்னவள் கோழியைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள். நம்பிக்கை போன பிறகும் கை பழக்கத்தை விடுமா? தராசைப் பார்த்தாள்.

ஆயிரத்து முந்நூற்று எண்பது.

இன்னொரு தடவை இறக்கி வைத்துப் பார்த்தாள். அதே எண்பது.

"அத்தான், பட்டினி கிடந்த கோழிக்கு அறுபது கிராம் எப்படி ஏறும்?"

அத்தான் வந்து குனிந்து தராசைத் தட்டினார். "பேட்டரி வீக்கா இருக்கும்மா."

அவள் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்தாள். ஆயிரம் காட்டியது.

"தண்ணி குடிச்சிருப்பா" என்றாள் அக்கா.

"தண்ணியை நான் அளந்து வெச்சுட்டுப் போனேன். முக்கால்வாசி அப்படியே இருக்கு." சின்னவள் மேனேஜரின் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். அலகுக்குக் கீழே இறகெல்லாம் ஒட்டிப்போய், வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. "இது என்னக்கா?"

அக்கா மெஷின் மேல் கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கிறேன்."

"ரெண்டு ஸ்பூன்தாண்டி. ரொட்டியைப் பால்ல ஊறவெச்சு... அவ மூஞ்சியைப் பாக்க முடியல. வாயை வாயைத் திறந்தா."

"மூச்சு முட்டித் திறந்திருப்பா! ரெண்டு ஸ்பூனுக்கு அறுபது கிராமா?"

"மத்தியானம் இன்னொரு ரெண்டு ஸ்பூன்."

"அடிப்பாவி, நீயுமா?" என்றார் அத்தான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. திருதிருவென்று முழித்தார்.

"நீயுமான்னா?" சின்னவள் மெல்லத் திரும்பினாள். "நீங்க என்ன கொடுத்தீங்க அத்தான்?"

"டீல நனைச்ச பிஸ்கட். ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணரை" என்றார். "எட்டு வருஷமா அவளுக்குக் கொடுக்காம நான் டீ குடிச்சதில்லம்மா. இன்னைக்கு மட்டும் எப்படி? நான் ஒருத்தன் துளி கொடுத்தா என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அக்கா, அழுகிற குரலில்.

சின்னவளுக்கு வந்ததே கோபம்! எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு நாளும் அவள் குரலை உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினாள்.

"ஒரே ஒரு நாள்! ஒரே ஒரு நாள் சும்மா இருங்கன்னு கெஞ்சிட்டுப் போனேன். போன்ல தெம்பா இருக்கா, தெம்பா இருக்கான்னு என்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க. நாளைக்குக் காலையில அவளை நான்தானே தூக்கிட்டுப் போகணும்? நீங்களா அந்த மேஜையில வைக்கப் போறீங்க? எனக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான், அவளையும் ரெண்டு பேருமாச் சேர்ந்து கொன்னுட்டீங்க!"

அக்காவின் விரலில் நூல் இறுகியிருந்தது. "உனக்குன்னு நாங்க இல்லையாடி?" என்று கேட்டாள்.

இருக்கிறீர்கள் என்று சின்னவள் சொல்லியிருக்கலாம். எனக்குக்கூட அந்த இடத்தில் அவள் மேல் கோபம்தான் வந்தது. சொல்லாமல், போனை எடுத்து டாக்டரம்மாவுக்குப் போட்டாள். கோழியையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டர், பை இறங்கல. ஆனா இவங்க தீனி கொடுத்துட்டாங்க. ரொட்டி, பால், பிஸ்கட், எல்லாம்."

"கடைசியா எப்போ?"

"மூணரை மணிக்கு" என்று அத்தான் தூரத்திலிருந்து சொன்னார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "சரி. போனது போகட்டும். எனக்கு முக்கியமா வேண்டியது காலையில இருந்த நிலவரம்தான். நேத்து ஆறு மணியிலேருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் கொடுக்கலல்ல? காலையில வெறும் வயித்துல பை எப்படி இருந்துச்சு? அது இறங்கியிருந்தா பை வேலை செய்யுதுன்னு அர்த்தம். இறங்கலைன்னா, இனிமே பட்டினி போட்டும் பிரயோஜனம் இல்ல."

"காலையில இருந்துச்சு டாக்டர். நிறைய இருந்துச்சு."

"வெறும் வயித்துலதானே பாத்தீங்க?"

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அக்காவும் அத்தானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர். வெறும் வயிறு இல்ல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சரை மணிக்கு முட்டை மஞ்சக்கருவை மசிச்சு ஊட்டினேன். நான்தான். ராத்திரி பூரா ஒண்ணும் சாப்பிடலையேன்னு..."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆக, அந்த வீட்ல ஒருத்தர்கூட அதைப் பட்டினி போடல" என்றார். "பை வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாதும்மா. ரெண்டு வழி இருக்கு. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துடலாம். இல்லைன்னா இந்த நிமிஷத்திலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். மணி ஆறே கால். நாளைக்கு ஆறே கால் வரைக்கும்."

"தாங்குவாளா டாக்டர்?"

"உண்மையைச் சொல்லணும்னா, தெரியல. நேத்தே எலும்பும் தோலுமாத்தான் இருந்துச்சு. பட்டினி போட்டா பலம் இல்லாம போயிடலாம். ஊட்டினா உள்ள புளிச்சுப் போயிடலாம். இதுல நான் முடிவு பண்ண முடியாது, நீங்கதான் சொல்லணும்."

கேட்பதற்கு யாரும் இல்லை. அக்காவைப் பார்த்தாள், அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தானைப் பார்த்தாள், தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கோழியைப் பார்த்தாள். அது என்ன சொல்லும் பாவம்?

"ஆரம்பிக்கிறேன் டாக்டர்."

போனை வைத்த பிறகு அவள் எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை. எங்களைக் கொலைகாரர்கள் என்றாயே, நீ என்னடி செய்தாய் என்று அக்கா கேட்டிருக்கலாம், கேட்க எல்லா நியாயமும் இருந்தது. அக்கா எழுந்து வந்து அவள் தோளிலிருந்த கைப்பையை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்னை நம்பாத" என்றாள். "நான் இங்கேயே உக்காந்திருந்தா மறுபடி கொடுத்துடுவேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

"எனக்கும்" என்றார் அத்தான்.

இருவருமாக வேலையில் இறங்கினார்கள். ரொட்டி, பால், முட்டை, பிஸ்கட் டப்பா, அரிசி வாளி என்று தின்கிற பொருள் ஒவ்வொன்றாக எதிர் வீட்டுக்குப் போயிற்று. எதிர் வீட்டுக்காரி, "வீட்ல எலியா?" என்று கேட்டதற்கு அத்தான், "இல்லைங்க, நாங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். ராத்திரிக்குக் கடையில் வாங்கிய இரண்டு பொட்டலத்தையும் வீட்டுக்குள் பிரிக்கக் கூடாது என்று அக்கா தீர்மானம் போட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

"நீயும் வாடி. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ."

"எனக்கு வேண்டாம்க்கா. நான் இவகூட இருக்கேன்."

இரண்டாம் தடவை அக்கா கூப்பிடவில்லை. அந்த வீட்டில் இது புதுசு. கதவு வெளிப்பக்கமாகச் சாத்திக்கொண்டது.

ஏழே கால் மணி. சின்னவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பையை ஒரு தடவை நீவிவிட்டாயிற்று. செய்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. வெளியே படியில் பொட்டலத்தாள் பிரிகிற சத்தமும், அக்கா அத்தானிடம் ஏதோ அடக்கிப் பேசுவதும் கேட்டது. காலையில் அந்த மஞ்சள்கருவை ஊட்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் பதில் தெரிந்திருக்கும் என்று அவள் நூறாவது தடவையாக நினைத்துக்கொண்டாள். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, தெரிந்தாவது இருக்கும்.

போர்வை அசைந்தது.

மேனேஜர் எழுந்து நின்றது. ஒரு கால் மடங்கித் தள்ளாடியது, சமாளித்துக்கொண்டது. கழுத்தை வெளியே நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து அவள் காலருகே வந்தது. தொண்டைக்குள் கொக், கொக் என்று மெதுவாகக் குரல் கொடுத்தது. பத்து நாளாகக் கேட்காத குரல். பசி வந்தால் மட்டும் அது போடுகிற சத்தம். பொட்டலத்தாள் சத்தம் கேட்டு வந்ததா, உள்ளே நிஜமாகவே ஏதாவது இறங்கியிருக்கிறதா, பலம் போவதற்கு முன்னால் வருகிற கடைசிப் பசியா, அவளுக்கு எப்படித் தெரியும்?

"அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கூப்பிட்டால் மூன்று பேருமாகச் சேர்ந்து கொடுத்துவிடுவார்கள்.

"நாளைக்குத் தரேண்டி" என்றாள். "ஆறே காலுக்கு. சத்தியமாத் தரேன். நீ அதுவரைக்கும் மட்டும் இரு."

மேனேஜர் நகரவில்லை. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், ஒன்றும் இல்லை பார் என்று. அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வெறும் கையைப் பார்த்தது. உள்ளங்கையின் நடுவில் ஒரு கொத்துக் கொத்தியது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கொத்தியது.